பழைய சாலையில் ஒரு பழைய மைவி

கிள்ளானிலிருந்து சுங்கை சிப்புட்டுக்கு வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஏறினால் சுமார் மூன்று மணி நேரம். போன மாதம் நானும் அம்மாவும் ஆறரை மணி நேரம் எடுத்துக்கொண்டோம். டோல் காசை மிச்சம் பிடிப்பதற்காக அல்ல. 3 லட்சத்து 18,000 கிலோமீட்டர் ஓடிய காரை ஊருக்கு ஊர் நிறுத்தி, தொட்டுப் பார்த்து, காது கொடுத்துக் கேட்டு ஓட்ட வேண்டும் என்று நினைத்தேன். அதற்கு நெடுஞ்சாலை சரிப்படாது. அங்கே ஒரு கோளாறு என்றால், ஓரமாய் நின்று லோரிகள் காற்றைக் கிழித்துக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பழைய முதலாம் எண் சாலையில் அப்படியில்லை. ஒரு பட்டணம் போனால் இன்னொரு பட்டணம், ஒவ்வொரு பட்டணத்திலும் இரண்டு மூன்று பட்டறையாவது இருக்கும்.

“இதுக்கு ரயில்லயே போயிருக்கலாம்” என்றார் அம்மா, ரவாங் வருவதற்குள்ளாகவே.

கார் 2006-ஆம் ஆண்டு பெரோடுவா மைவி, 1.3, மேனுவல் கியர். அப்பா புதிதாக எடுத்தது. போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டியவர் அவர். லோரி முதலாளியுடையது, மைவிதான் தன்னுடையது என்பார். அவர் போய் மூன்று வருடமாகிறது. கார் என் பெயருக்கு மாறியது. கூடவே டேஷ்போர்டு அறைக்குள் இருந்த 555 குறிப்புப் புத்தகமும் வந்தது. மளிகைக் கடையில் கடன் எழுதுவோமே, அதே சின்னப் புத்தகம். அதில் 2006 முதல் தேதி, கிலோமீட்டர், மாற்றிய சாமான், கொடுத்த வெள்ளி எல்லாம் அப்பாவின் சாய்ந்த கையெழுத்தில் இருந்தன. நான் ஷா ஆலாமில் ஒரு நிறுவனத்தில் கணக்குத் துறையில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க எண்களோடுதான் இருப்பேன். ஆனாலும் அந்தப் புத்தகத்தை இரண்டு வருடம் நான் திறக்கவே இல்லை.

திறக்க வைத்தது போன வருடம் நடந்த ஒன்று. அதைச் சொல்லாமல் இந்தப் பயணத்தைச் சொல்ல முடியாது.

அம்மாவின் அண்ணன் சுங்கை சிப்புட்டில் இருந்தார். ஒரு நாள் விடியற்காலையில் அவர் தவறிவிட்டதாகப் போன் வந்தது. மாலை மூன்று மணிக்கு எடுக்கிறார்கள். நாங்கள் ஒன்பது மணிக்கு நெடுஞ்சாலையில் ஏறிவிட்டோம். தாராளமாக நேரம் இருந்தது. சிலிம் ரிவரைத் தாண்டியதும் ஒரு தித்திப்பான வாடை வந்தது. வெளியே எதையோ கொளுத்துகிறார்கள் என்று நினைத்தேன். பிறகுதான் வெப்ப எச்சரிக்கை சிவப்பாக இருப்பதைப் பார்த்தேன். அந்த இடத்திலேயே நிறுத்தி எஞ்சினை அணைத்திருக்க வேண்டும். அடுத்த வெளியேறும் வழி சுங்காய், இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று மிதித்தேன். மூன்று, நாலு கிலோமீட்டர் இருக்கும். முன்னால் ஒரே வெள்ளை ஆவி. அதற்குப் பிறகு எஞ்சின் தானாகவே நின்றுவிட்டது.

ரேடியேட்டரின் மேல் ஹோஸ் வெடித்திருந்தது. தண்ணீர் முழுக்க வெளியே. தண்ணீர் இல்லாமல் ஓடிய அந்தச் சில கிலோமீட்டரில் அலுமினிய ஹெட் சூட்டில் வளைந்து, கேஸ்கெட் போய்விட்டது. இழுவை லோரி பீடோரில் ஒரு பட்டறையில் கொண்டுபோய் விட்டது. ஈப்போவிலிருந்து சித்தப்பா மகன் வந்து எங்களை ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்த்தபோது மணி ஐந்து. வாசலில் பந்தல் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஏனென்றால் அந்த ஹோஸைப் பற்றி எனக்கு ஏற்கெனவே தெரியும். இரண்டு மாதம் முன்பு சர்வீஸுக்கு விட்டபோது, கிள்ளானில் எங்கள் போர்மேன் அண்ணன் அதை விரலால் அழுத்திக் காட்டினார். “பாரும்மா, மெத்து மெத்துன்னு இருக்கு, நுனியில உப்பிடுச்சு. 35 வெள்ளிதான், மாத்திடவா?” என்று கேட்டார். அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அதே வாரம் 120 வெள்ளிக்கு இருக்கை உறை வாங்கிப் போட்டேன். பீடோரில் கட்டியது 1,450 வெள்ளி.

காரைத் திரும்ப எடுத்த அன்று இரவுதான் 555 புத்தகத்தைத் திறந்தேன். 2015, 1 லட்சத்து 60,000 கிலோமீட்டர்: “ரே. ஹோஸ் 2, மூடி 1, கூலண்ட். 96 வெ.” ஹோஸ் வெடிக்கவில்லை, ஒழுகவும் இல்லை. ஆனாலும் மாற்றியிருக்கிறார். அதற்குப் பிறகு யாரும் மாற்றவில்லை.

இந்த முறை போனது மாமாவின் தலைத் திவசத்துக்கு. மறுநாள் காலை பத்து மணிக்குப் பூசை. ஒரு நாள் முன்னதாகவே கிளம்பிவிட்டோம்.

ரவாங்கைத் தாண்டினால் சுங்கை சோ. பெரோடுவா தொழிற்சாலை இங்கேதான். 1993-இல் தொடங்கிய நிறுவனம், அடுத்த வருடமே கஞ்சிலைச் சாலைக்குக் கொண்டுவந்தது. சருகுமானின் பெயர் அந்தச் சின்னக் காருக்கு எவ்வளவு பொருத்தம்! நம்மில் எத்தனை குடும்பங்கள் மோட்டார் சைக்கிளிலிருந்து கஞ்சிலுக்கு ஏறியிருக்கும். மைவி வந்தது 2005-இல். “அது பொறந்த வீடு இதான்மா” என்றேன். அம்மா திரும்பிப் பார்த்து, “சீர் ஒண்ணும் குடுத்து அனுப்பலையே” என்றார். அன்று அவர் முதல் தடவை சிரித்தது அங்கேதான்.

உண்மையில் சீர் கொடுத்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள். சாலையில் இத்தனை மைவிகள் ஓடுவதால், அதன் சாமான் கிடைக்காத ஊரே கிடையாது. புதியதும் கிடைக்கும், பழையதும் கிடைக்கும். கெடாய் போத்தோங் என்று சொல்கிறோமே, பழைய கார்களை வெட்டிச் சாமான் விற்கும் கடை, அங்கே போனால் மைவியின் கதவும் கண்ணாடியும் சுவர் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். என் காரின் பக்கக் கண்ணாடி, பின் கதவுக் கைப்பிடி, ஜன்னல் ஏற்றும் மோட்டார் எல்லாம் அங்கே வாங்கியவைதான். நிறம் மட்டும் ஒத்துப்போகவில்லை. வெள்ளிக் காருக்கு நீலக் கண்ணாடி. மாலில் நிறுத்தினால் கண்டுபிடிக்க வசதி.

ஆனால் அந்தக் கடையில் எதை வாங்கக்கூடாது என்பதையும் அப்பாவின் புத்தகத்திலிருந்துதான் கற்றேன். பதினெட்டு வருடத்தில் அவர் பழைய சாமான் வாங்கியதெல்லாம் இரும்பு, கண்ணாடி, பிளாஸ்டிக். ரப்பரில் ஒன்றுகூடப் பழையது கிடையாது. ஹோஸ், பெல்ட், டயர், எஞ்சின் மவுண்டிங், புஷ் எல்லாமே புதியவை. பிரேக்கிலும் அப்படித்தான். ரப்பர் ஓடினாலும் கெடும், சும்மா கிடந்தாலும் கெடும். பால்மரத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த மனிதருக்கு அதை யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

டயரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. பூ நன்றாக இருக்கிறதே என்று பாதி விலைக்குப் பழைய டயர் வாங்குகிறவர்கள் அந்த எண்ணைப் பார்ப்பதில்லை. நானும் முன்பு பார்த்ததில்லை.

பத்தாங் காலி, ராசா, கெர்லிங் என்று சாலை மெல்ல வளைந்து போகிறது. இடப்பக்கம் செம்பனை, வலப்பக்கம் மலைத்தொடர், கோலகுபு பாருவுக்குப் பிரியும் சந்தி. 70, 80 வேகத்துக்கு மேல் நான் போகவில்லை. பின்னால் வந்தவர்கள் விளக்கு அடித்துத் தாண்டிப் போனார்கள். போகட்டும். இன்றைய கார்களில் உள்ள பாதுகாப்பு வசதிகளில் பாதி இந்தக் காரில் கிடையாது. அந்தப் பாதியை என் வேகத்தில்தான் ஈடுகட்ட வேண்டும்.

பெர்னாம் ஆற்றைக் கடந்தால் பேராக். தஞ்சோங் மாலிமில் ஏதோ சாலை வேலை, வண்டிகள் நகரவே இல்லை. பழைய காருக்கு இதுதான் பரீட்சை. ஓடும்போது காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கும், நிற்கும்போது விசிறி ஒன்றுதான் துணை. ஏர்கோனை அணைத்து, ஜன்னலை இறக்கி, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் முன்னாலிருந்து ‘உர்ர்’ என்று விசிறி சுழன்றது. அப்புறம் நின்றது. மறுபடி சுழன்றது. இவ்வளவு நிம்மதி தரும் சத்தத்தை நான் அண்மையில் கேட்டதில்லை.

ரேடியேட்டருக்குக் குழாய்த் தண்ணீரை ஊற்றினால் என்ன, தண்ணீர் தண்ணீர்தானே என்று நம் ஆட்கள் பலர் கேட்பார்கள். என் பெரியப்பாவும் கேட்பார். குழாய்த் தண்ணீர் துருவையும் உப்புப் படிவத்தையும் உள்ளே விட்டுப் போகும். மெல்லிய குழல்கள் அடைபடும். கூலண்ட் துருவைத் தடுக்கும், கொதிநிலையையும் உயர்த்தும். ஒரு போத்தல் இரண்டு தடவை நாசி கண்டார் சாப்பிடும் காசு. ரேடியேட்டர் மூடிக்கும் அப்படித்தான், இருபது வெள்ளிச் சாமான். உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பது அதுதான். ரப்பர் வளையம் காய்ந்து போனால் மூடி மூடியாக இருக்காது. சூடாக இருக்கும்போது மட்டும் அதைத் திறந்துவிடாதீர்கள். போர்மேன் அண்ணனின் முன்கையில் அதற்கு அடையாளம் இருக்கிறது.

பீடோரை அடைந்தபோது பத்தரை. கொய்யாவும் பெத்தாயும் தொங்கும் கடைகளுக்குப் பக்கத்துச் சந்தில்தான் அந்தப் பட்டறை. அங்கே நிறுத்தவேண்டிய அவசியம் எதுவும் இல்லை. ஆனாலும் நிறுத்தினேன். சீனப் பெரியவர், எழுபதை நெருங்குவார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை, நீலக் கண்ணாடியைத் தெரிந்தது. போனட்டைத் திறக்கச் சொன்னார். டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்துப் பார்த்தார். ஹோஸை அழுத்தினார். போன வருடம் ஹெட்டை எந்திரத்தில் கொடுத்துச் சமன் செய்து பூட்டியவர் அவர்தான். எண்ணெய் குறைகிறதா என்று மலாயில் கேட்டார். மாதத்துக்குக் கால் லிட்டர் குறைகிறது என்றேன். இந்த வயதில் அது சாதாரணம், பார்க்காமல் விடுவதுதான் ஆபத்து என்றார். காசு வாங்கவில்லை. அம்மா எதிர்க்கடையில் இரண்டு கிலோ கொய்யா வாங்கி வந்து அவர் மேசையில் வைத்தார். கொய்யாவுக்குப் பெயர்போன ஊரில், அந்த ஊர்க்காரருக்கே கொய்யா!

எண்ணெய் விஷயத்தில் நான் ஏமாந்த கதை ஒன்று உண்டு. பளபளப்பான இடம் ஒன்றில் முழு சிந்தெடிக் எண்ணெய், எஞ்சினைக் கழுவும் திரவம், அதற்கு மேல் ஒரு மருந்துப் போத்தல் என்று 380 வெள்ளி பிடுங்கிக்கொண்டார்கள். என் எஞ்சினுக்கு 130 வெள்ளியில் அரை சிந்தெடிக் எண்ணெயும் பில்டரும் 7,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்றினால் போதும் என்பது போர்மேன் அண்ணன் கணக்கு. மைவியில் இருப்பது டைமிங் செயின். பெல்ட் போல இத்தனை கிலோமீட்டரில் மாற்றியே ஆகவேண்டும் என்பதில்லை. ஆனால் அந்தச் செயினும் அதே எண்ணெயில்தான் ஓடுகிறது. எண்ணெய் கசடானால் செயினும் தேயும். விலை உயர்ந்த எண்ணெயை எப்போதாவது ஊற்றுவதைவிட, நடுத்தர எண்ணெயைத் தவறாமல் மாற்றுவது மேல்.

தாப்பாவில் கேமரன் மலைக்குப் போகும் சாலை வலப்பக்கம் பிரிகிறது. நான் உரிமம் எடுத்த புதிதில் அப்பா அந்தச் சாலையில்தான் என்னை ஓட்டவிட்டார். “ஏறுற கியர்லயே இறங்கணும்” என்பார். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் சூடேறும். பிரேக் எண்ணெய் பழசாகி ஈரம் உறிஞ்சியிருந்தால், அந்தச் சூட்டில் கொதித்து மிதி வெறுமனே உள்ளே போகும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை அந்த எண்ணெயை மாற்றியதும் புத்தகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் பக்கத்தில் ஒரு சின்ன மலை வரைந்திருக்கிறார். லோரி ஓட்டுநருக்கு மலை என்றால் என்ன என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

அலுவலகத்தில் என் வயதுக்காரர்கள் கேட்பது ஒன்றுதான். இந்தப் பழசோடு ஏன் மல்லுக்கட்டுகிறாய், புதுசு எடுக்கலாமே? எடுக்கலாம். நானும் கணக்குப் போட்டேன். மாதம் 650 வெள்ளி, ஒன்பது வருடம். போன வருடம் ஹெட் கதையை முடித்த பிறகு இந்தக் காருக்கு நான் செலவழித்தது இது: நான்கு டயர் 640, அப்சார்பர் 480, பேட்டரி 210, பிரேக் பேட் 90, இரண்டு சர்வீஸ் 260. மொத்தம் 1,680 வெள்ளி. மாதம் 150 வெள்ளியைத் தனிக் கணக்கில் போட்டு வைக்கிறேன், அதற்குள் அடங்கிவிட்டது. சாலை வரி 70 வெள்ளி. காப்புறுதியும் மலிவுதான்.

காரின் விலையில் பாதிக்கு மேல் ஒரு பழுது வந்தால் தள்ளிவிடு என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அதை நான் ஏற்பதில்லை. விற்றால் கிடைக்கும் காசுக்கு இதே போன்ற நம்பிக்கையான இன்னொரு கார் கிடைக்குமா? கிடைக்காது. 1,450 வெள்ளியைப் புதுக் காரின் இரண்டு மாதத் தவணையோடு ஒப்பிடுவதுதான் நியாயம். ஆனால் போர்மேன் அண்ணன் ஓர் எல்லை வைத்திருக்கிறார், அதை ஏற்கிறேன். கிலோமீட்டரைப் பார்க்காதே, அடியில் துருவைப் பார் என்கிறார். எஞ்சினை மாற்றலாம், கியர்பாக்ஸை மாற்றலாம். சட்டகம் துருப்பிடித்துத் தின்றுவிட்டால் அந்தக் காரில் அம்மாவை ஏற்றக்கூடாது. வருடத்துக்கு ஒரு தடவை ஜேக்கில் தூக்கிச் சுத்தியலால் தட்டிப் பார்க்கிறார். இதுவரை சத்தம் கணீரென்றுதான் வருகிறது. அது மந்தமாக வரும் நாளில் நானும் தவணைக்காரி ஆகிவிடுவேன்.

கம்பார், கோப்பெங். ஈயச் சுரங்கம் விட்டுப்போன குளங்கள், அவற்றுக்குப் பின்னால் சுண்ணாம்புக் குன்றுகள். இந்தக் காட்சியை நெடுஞ்சாலையிலும் பார்க்கலாம், ஆனால் அங்கே அது ஓடிக்கொண்டே இருக்கும். இங்கே அம்மா நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்த முடிந்தது. ஒரு குளக்கரையில் இறங்கி, மாமா சின்ன வயதில் இப்படி ஒரு குளத்தில் விழுந்து தாத்தாவிடம் அடி வாங்கிய கதையைச் சொன்னார். போன வருடத்திலிருந்து மாமாவைப் பற்றி அவர் என்னிடம் பேசியதே இல்லை. காரில் சாய்ந்து நின்று கேட்டேன். எஞ்சின் சூடு போனட் வழியாக முதுகில் இதமாகப் பட்டது.

ஈப்போவில் புந்தோங்கில் கச்சாங் பூத்தே வாங்காமல் போனால் ஊரில் வாசல்படி ஏற விடமாட்டார்கள். முறுக்கு, ஓமப்பொடி, கடலை என்று பின் இருக்கை நிறைந்தது. 120 வெள்ளி உறையில் முறுக்குத் தூள்.

சுங்கை சிப்புட் துன் சம்பந்தன் பிறந்த ஊர் என்பது தெரிந்ததே. எங்களுக்கு அது மாமா வீடு இருக்கும் ஊர். ஒரு மணிக்கு வாசலில் நிறுத்தினேன். அத்தை வெளியே வந்தார். அம்மாவைப் பார்க்கும் முன் காரைத்தான் பார்த்தார். “இதுலயா வந்தீங்க?”

“இதுலதான் அண்ணி” என்றார் அம்மா. “வழியில எங்கயும் நிக்கல.” கொய்யாவுக்கும் குளத்துக்கும் முறுக்குக்கும் நின்றதைச் சொல்லவில்லை.

மாலையில் எல்லோரும் மறுநாள் பூசைக்குக் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் காருக்குப் போய் 555 புத்தகத்தை எடுத்தேன். சிம்பாங் பூலாயிலிருந்து ஒரு சத்தத்தை மனத்தில் வைத்திருந்தேன். அப்பாவின் கடைசி வரிக்குக் கீழே என் கையெழுத்து இப்போது மூன்று பக்கம் வந்துவிட்டது. எழுதினேன்: “318,260. இடது முன் சக்கரம், 70-க்கு மேல் ரீங்காரம். வலப்பக்கம் திருப்பினால் கூடுகிறது. பேரிங்காக இருக்கும். திரும்பிப் போனதும் முதல் வேலை.”